களி ஊட்டும் கைக்கு ஒரு சோப்புத் தண்ணீர் பாட்டில்

தர்மபுரிப் பக்கம் குழந்தைக்குக் களியைக் கையால் பிசைந்துதான் ஊட்டுவோம். சிக்கல் என்னவென்றால், கொஞ்ச நேரம் முன்பு அதே கைதான் குழந்தைக்குக் கால் கழுவி விட்டிருக்கும். பால்குடிக் குழந்தையின் மலம்தானே, அதில் என்ன கிருமி என்று நானும் நினைத்தவள்தான். பெரியவர்கள் மலத்தில் இருப்பது போலவே அதிலும் இருக்கும், வெறும் தண்ணீரில் அலசினால் போகாது.

வாசல் தொட்டியில் சோப்புக் கட்டி வைத்தால் எங்கள் வீட்டில் காக்கா தூக்கிப் போய்விடும்! அதனால் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் 2 மேசைக்கரண்டி துணி சோப்புத்தூள் கலக்கி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன், குழந்தைக்கு எட்டாத உயரத்தில். கொஞ்சம் பீய்ச்சி 20 விநாடி தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். நக இடுக்கைத்தான் மறந்துவிடுவோம். காய்ந்த களி ஒட்டிக்கொள்வதும் அங்கேதான். அப்புறம், கழுவிய கையை முந்தானையில் துடைக்காதீர்கள், உதறிக் காயவிடுங்கள்.

கிருஷ்ணகிரி சாலையோரம் மாங்காய் கீறி மிளகாய்த்தூள் தூவித் தருபவர்களுக்கும் இதே பாட்டில் உதவும். காசை வாங்கிய கையாலேயே கீற்றை எடுக்காமல், ஓர் இடுக்கியும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.