விட்டு விட்டு வரும் கரண்ட் கோளாறைக் கையும் களவுமாகப் பிடிக்க

ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால் கார் ஒழுங்காக இருக்கும். வீடு திரும்பும் வழியில் மறுபடி டேஷ்போர்டு மீட்டர் அணையும். ஆல்டர்னேட்டர், சென்சார், கடைசியில் இசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) என்று ஒவ்வொன்றாக மாற்றியும் கோளாறு தீராது, காசுதான் கரையும். பெரும்பாலும் பழுது இருப்பது வயர் வந்து சேரும் இடத்தில்: டெர்மினல் (வயர் முனை), கப்ளர் (வயர்கள் சேரும் பிளக்), எர்த் போல்ட் (நெகட்டிவ் வயரை பாடியோடு பிடிக்கும் போல்ட்). அதனால் கோளாறை வரவழைத்து, அது இருக்கும்போதே அளந்த பிறகுதான் ஒரு பொருளைக் கழற்ற வேண்டும்.

டேஷ்போர்டில் ஒரு நோட்டு வையுங்கள். கோளாறு வந்த நேரம், மழையா வெயிலா, என்ஜின் சூடாகியிருந்ததா, எந்த சுவிட்ச் ஆனில் இருந்தது, பள்ளத்தில் இறங்கியபோதா, கூடவே வேறு எது அணைந்தது என்று எழுதுங்கள். ஐந்தாறு பதிவு சேர்ந்தால் எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடும். குற்றாலச் சாரலில் மட்டும் வந்தால் தண்ணீர் இறங்கும் கப்ளர். மாஞ்சோலை ரோட்டில் குலுங்கும்போது மட்டும் என்றால் லூஸ் காண்டாக்ட் அல்லது பாடியில் உரசித் தேய்ந்த வயர். பங்குனி வெயிலில் நாகர்கோவில் ரோட்டில் நின்றுபோய், ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சூட்டில் விட்டுப்போகும் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), கிராங்க் சென்சார் (என்ஜின் சுழல்வதை இசியூவுக்குச் சொல்வது) இரண்டையும் முதலில் பாருங்கள். உவரி, திருச்செந்தூர்க் கரையோரம் நிற்கும் வண்டி என்றால் உப்புக்காற்று எர்த் போல்ட்டை அரித்திருக்கும்.

அடுத்தது பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். சில புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அங்கே கொஞ்சம் முன்பின் இருந்தால் பயப்பட வேண்டாம். ஸ்கேனரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோட் (கோளாறு எண்) ஒரே நேரத்தில் வந்தால், அத்தனை சென்சாரும் சேர்ந்து போயிருக்காது. வோல்டேஜ் எங்கோ இறங்கியிருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் கோட் அழியலாம். முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.

இனி எர்த். இதைப் பொறுமையாகச் செய்தால் பல வண்டிகளில் வேலை இங்கேயே முடியும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் காரீயத் தண்டிலேயே குத்துங்கள்; மேலே உள்ள கிளாம்ப்பில் வைக்காதீர்கள். மறு முனையை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து, ஒருவரை செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைச் சுற்றி இருந்தால் சரி, 0.5 தாண்டினால் எர்த் மோசம். பிறகு ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு பாடியில் அளங்கள், அங்கே 0.1-க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் மறு முனையை கிளாம்ப், கேபிள் முனை, போல்ட், பாடி என்று படிப்படியாக நகர்த்துங்கள். எண் எந்த இடத்தில் தாவுகிறதோ அந்த இணைப்புதான் கெட்டது. அதைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். இண்டிகேட்டர் போடும்போது அதே பக்க டெயில் லைட்டும் சேர்ந்து துடித்தால் மீட்டரே வேண்டாம். அந்த லைட்டின் எர்த்தைப் பாருங்கள்.

மீட்டர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. களிம்பு பிடித்த கப்ளரில் 5 ஓம் தடை ஏறியிருந்தாலும், லோடு (கரண்ட் இழுக்கும் பொருள்) இல்லாமல் அளந்தால் மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும். அதே இடத்தில் 21 வாட் பிரேக் பல்பைக் கோத்தால் அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும்; வோல்டேஜ் பாதிக்கு விழும், பல்ப் மங்கும். சந்தேகமான பவர் வயரை இப்படிப் பல்ப் போட்டே சோதியுங்கள். இசியூ, சென்சார், ஏர்பேக் வயர்களில் மட்டும் பல்பைக் கொண்டுபோகவே கூடாது.

கோளாறை வரவழைப்பதற்கு, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே வயர்க்கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டு போங்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை விலக்கி, உள்ளே உள்ள வயர்களைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி, வயரின் உறை நன்றாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். மெல்ல இழுத்தால் உறை ரப்பர் மாதிரி நீளும், அதுதான் அடையாளம். சூட்டில் வரும் கோளாறுக்கு ஹேர் டிரையரை ரிலேயில் காட்டுங்கள். ஈரத்தில் வருவதற்குப் பூவாளி போலத் தெளிக்கும் பாட்டில் போதும். பிரஷர் வாட்டர் அடித்தால் புதிதாக நான்கு கோளாறு சேரும். ரிலேயில் சந்தேகம் வந்தால் அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

நம் நெல்லைப் பக்கத்துக்கு எலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிசான நெல் அறுவடை முடிந்ததும் வயலை விட்டு வரும் எலிகள் என்ஜின் சூட்டைத் தேடி வந்து வயரைக் கடிக்கும். இன்ஜெக்டர் வயர்க்கட்டின் அடிப்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் சீட்டுக்கடியில் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். அங்குள்ள கப்ளர்களில் பச்சைக் களிம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டிக் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் அதைத் தொடாதீர்கள்.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குள் திரும்ப வரும். கறுத்த செம்பை வெட்டி எறிந்து, அதே கனமுள்ள வயர்த் துண்டைச் சேர்த்து கிரிம்ப் செய்து (கருவியால் நெருக்கிப் பிடித்து), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். அடிக்கடி மடங்கும் இடத்தில் ஈயம் வைத்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி ஒடியும். இணைப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான். செப்புக் கம்பி சுற்றினால் வயர் தீப்பிடிக்கும்.

டேஷை மூடுவதற்கு முன், நோட்டில் எழுதிய அதே சூட்டில், அதே ரோட்டில், அதே சுவிட்சுகளைப் போட்டு ஒருமுறை ஓட்டிவிட்டு வாருங்கள்.