நுரை வராத துருக்கிக் காபி

இஸ்தான்புல்லில் வாங்கிவந்த செம்பு ஜெஸ்வேயில் (துருக்கிக் காபி போடும் நீளப் பிடி வைத்த சின்னப் பாத்திரம்) முதல் பத்து நாளும் போட்டது காபியே அல்ல, கறுப்புத் தண்ணீர். நுரை என்பதே இல்லை. நுரையில்லாத காபியை அந்த ஊரில் விருந்தாளிக்கு நீட்டக் கூசுவார்கள்.

தூள்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பாதி சரி. மிக்ஸியில் அரைத்தது ரவை மாதிரி இருந்தது. மைதா போல நைசாக வேண்டும். கடையில் அரைத்து வாங்கியதும் கொஞ்சம் தேறியது.

பெரிய தப்பு என் அவசரம். வெந்நீரை ஊற்றி, தீயைக் கூட்டி வைத்திருந்தேன். இப்போது 70 மில்லி பச்சைத் தண்ணீர், 7 கிராம் தூள், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறேன். அப்புறம் கரண்டியே தொடுவதில்லை. அடுப்பின் மேல் பழைய தோசைக்கல், அதன்மேல் ஜெஸ்வே, சிறு தீ. (அங்கே சுடுமணலில் வைத்துப் போடுவதும் இப்படி மெல்லச் சூடேறத்தான்.) மூன்று நான்கு நிமிடத்தில் ஓரத்திலிருந்து நுரை எழும்பும். கொதிக்கவிட்டால் போச்சு! விளிம்புக்கு வருமுன் இறக்கி, நுரையைக் கரண்டியால் கோப்பையில் எடுத்துவிட்டு, மீதியை இன்னொரு முறை பொங்கவிட்டு ஊற்றுகிறேன்.

வண்டல் அடங்க இரண்டு நிமிடம் காத்திருப்பதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.