புதுக் கத்தி ஏமாற்றிவிட்டதா? பிராண்டை ஒதுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

நல்ல விலை கொடுத்து வாங்கிய சமையலறைக் கத்தி ஒரே மாதத்தில் தக்காளித் தோலில் வழுக்கினால் யாருக்கும் கோபம் வரும். 'இனி இந்தக் கம்பெனி பக்கமே போகக்கூடாது' என்று முடிவெடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த ஒரே குறைக்கு நான்கு பேர் காரணமாக இருக்கலாம்: எஃகுக்குத் தோய்ச்சல் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) கொடுத்தவர், சாணை பிடித்தவர், போலியை விற்றவர், கிரானைட் மேடையில் வைத்து நறுக்கியவர். இவற்றில் தோய்ச்சல் கெட்ட கத்தியை மட்டும் வீட்டில் எதைக் கொண்டும் காப்பாற்ற முடியாது. மற்றதெல்லாம் திருப்பி அனுப்பினால், தீட்டினால், பழக்கத்தை மாற்றினால் தீரும். ஆகவே கோபத்துக்கு முன் சோதனை.

பெட்டியைப் பிரித்த அன்றே

கழுவாதீர்கள், நறுக்காதீர்கள், தீட்டாதீர்கள். பயன்படுத்திய கத்தியைத் திரும்ப எடுக்கக் கடைக்காரர் தயங்குவார். தீட்டிய கத்தியைப் பெரும்பாலும் தொடவே மாட்டார். பெட்டியைப் பிரிப்பதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அலகு நேராக இருக்கிறதா என்று பார்ப்போம். கைப்பிடியைக் கண்ணருகே பிடித்து, நுனியை ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி நீட்டி, முதுகின் வழியே பாருங்கள். பிறகு கத்தியைத் திருப்பி வாயின், அதாவது அறுக்கும் விளிம்பின், வழியே பாருங்கள். கோடு எங்காவது ஒருபக்கம் சாய்ந்தால் அலகு வளைந்திருக்கிறது. எஃகைச் சூடாக்கிக் குளிர்விக்கும்போது மெல்லிய அலகு கோணிக்கொள்வது இயல்பு. தொழிற்சாலையில் அதை நிமிர்த்தித்தான் அனுப்ப வேண்டும். வளைந்த அலகு பூசணியில் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போகும், தீட்டுகல்லில் முழு நீளமும் படாது. கையால் நிமிர்த்திப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கடினமான ஜப்பானியக் கத்தி அப்படியே ஒடியும்.

அடுத்தது பலர் பார்க்கத் தவறும் குறை: அடிவாய்ப் பள்ளம். சமதளமான பலகையில் கத்தியின் வாயைச் செங்குத்தாக நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். நுனிப் பக்கம் வளைவாக இருப்பதால் அங்கே வெளிச்சம் தெரிவது சரியே. கைப்பிடியை ஒட்டிய பகுதியில் வாய்க்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால், சாணை பிடித்தவர் அந்த இடத்தில் அதிகம் அழுத்திவிட்டார் என்று பொருள். இந்தக் கத்தியில் வெங்காயம் நறுக்கினால் துண்டுகள் பூச்சரம்போல் அடியில் ஒட்டிக்கொண்டே வரும். கத்தியின் கூர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது போகாது. சரிசெய்ய வேண்டுமென்றால் பள்ளத்தின் ஆழத்துக்கு முழு வாயையும் தேய்த்து இறக்க வேண்டும். புதுக் கத்திக்கு அந்த வேலை தேவையில்லை, திருப்பி அனுப்புங்கள்.

அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே தடித்த இரும்புக் கழுத்து வாய்வரை இறங்கிவரும் ஜெர்மானிய மாடல்களில் இதே பள்ளம் சில வருடத் தீட்டலுக்குப் பிறகு தானாகவே உண்டாகும். கழுத்து தேயாது, அதன் முன்னே இருக்கும் அலகு மட்டும் தேயும். கழுத்து பாதியில் நின்றுவிடும் மாடலை வாங்குவது நல்லது.

தடிப்பை அளக்க ஒரு டிஜிட்டல் வெர்னியர் போதும். கூர்ச்சரிவு (வாயை ஒட்டித் தீட்டிய சரிவு) தொடங்கும் கோட்டுக்குச் சற்று மேலே அளந்து பாருங்கள். 0.2 முதல் 0.4 மி.மீ. வரை இருந்தால் கேரட் சத்தமில்லாமல் அறுபடும். 0.6 மி.மீ. தாண்டினால் கேரட் அறுபடாது, பிளக்கும். இது பழுது அல்ல, வடிவமைப்பு. ஆனால் 'சவரம் செய்யும் அளவுக்குக் கூராக இருக்கிறது, ஆனாலும் நறுக்க முடியவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கூரைப் பார்க்க, வாய் மேலே பார்க்கும்படி கத்தியைப் பிடித்து, விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே மழுங்கல், அல்லது பல் (விளிம்பு உடைந்த இடம்). பிறகு விரல் நுனியை முதுகிலிருந்து வாயை நோக்கி, வெளிப்பக்கமாக மட்டும் நகர்த்துங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பாகத் தடுத்தால் பிசிறு, அதாவது தீட்டும்போது விளிம்பில் எழும் மெல்லிய எஃகு இழை, நிற்கிறது.

கைப்பிடியில் ரிவெட் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால், மரம் சுருங்கி ரிவெட் மேலே நிற்கிறது, அல்லது சரியாகத் தேய்க்கவில்லை. கைப்பிடிக்குள் போகும் இரும்பு வாலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால்கூட விடக்கூடாது. தண்ணீர் இறங்கி வால் உள்ளேயே துருப்பிடிக்கும், மரம் விரியும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஒரு மாதத்தில் மழுங்கினால்

பிராண்டுகள் அதிகம் பேர் கெடுவது இங்கேதான், பல நேரம் நியாயமில்லாமலும்.

தொழிற்சாலையில் வாயை வேகமாக ஓடும் பெல்ட்டில் பிடித்துக் கூராக்குகிறார்கள். குளிர்நீர் போதாவிட்டால் தாளைவிட மெல்லிய அந்த விளிம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் சூடேறி, தோய்ச்சலில் பெற்ற கடினத்தை இழந்துவிடும். மேலே பாலிஷ் போட்டுவிடுவதால் சூட்டின் நிறம் தெரியாது. அதோடு பிசிறையும் முழுதாக எடுக்காமல் ஒருபக்கம் சாய்த்து வைத்துவிட்டால், முதல் நாள் தாளைப் பிரமாதமாக அறுக்கும். பலகையில் சில நாள் பட்டதும் மடங்கிவிடும். ஆகவே கம்பெனி கொடுத்த கூரை வைத்து எஃகை எடைபோடக் கூடாது. அந்த விளிம்பை அகற்றிவிட்டு உள்ளே இருக்கும் நல்ல எஃகை வெளியே கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

1000 கிரிட் (கல்லின் நயத்தைக் குறிக்கும் எண்) தீட்டுகல் ஒன்று போதும். ஊறவைக்கும் வகைக் கல் என்றால் குமிழி நிற்கும்வரை தண்ணீரில் போடுங்கள். முதலில் வாயைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி, கத்தியின் எடைக்கு மேல் அழுத்தாமல், இரண்டு முறை இழுங்கள். களைத்துப்போன விளிம்பு இதிலேயே உதிரும். பிறகு கோணம்: அலகின் உயரம் 45 மி.மீ. என்றால் 15 பாகைக்கு முதுகு கல்லிலிருந்து சுமார் 12 மி.மீ. உயர வேண்டும், 20 பாகைக்கு 15 மி.மீ. ஜப்பானியக் கத்திக்கு முதலாவது, கனமான வேலைக்கு வாங்கிய ஐரோப்பியக் கத்திக்கு இரண்டாவது. ஒரு பக்கத்தை முன்னும் பின்னுமாகத் தேய்த்து, எதிர்ப்பக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு எழும்வரை நிறுத்தாதீர்கள். பாதி நீளத்தில் மட்டும் பிசிறு வந்ததும் பக்கம் மாற்றுவதுதான் வீட்டுத் தீட்டலில் நடக்கும் பெரிய பிழை. மறுபக்கமும் அப்படியே. கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாறி மாறித் தேய்த்து, பிசிறு விரலுக்குத் தட்டாமல் போனதும் முடிக்கலாம்.

இழுத்துத் தீட்டும் பிளாஸ்டிக் கருவி வேண்டாம். அது வாயைச் சுரண்டிப் பிய்க்கும், அடிவாய் வரை எட்டவும் எட்டாது.

இதே மாதிரி மூன்று முறை தீட்டிய பிறகும், மரப்பலகையில் காய்கறி மட்டுமே நறுக்கியும், இரண்டு மூன்று நாளில் வாய் மடங்கினால் எஃகு மென்மையாகத்தான் இருக்கிறது. அப்போது கம்பெனியைக் குறை சொல்வது நியாயம். ஜெர்மானியக் கத்திகளில் பரவலாக உள்ள 1.4116 எஃகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 55 முதல் 58 வரை இருக்க வேண்டும். ஜப்பானின் விஜி-10 எஃகு 60-ஐ ஒட்டி இருக்கும். பெட்டியில் இந்த எண் அச்சிட்டிருந்தும் கத்தி அப்படி நடந்துகொள்ளவில்லை என்றால் அதையே புகாரில் எழுதலாம்.

தீர்ப்புக்கு முன் பலகையையும் பாருங்கள். கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர் தட்டு ஆகியவற்றின் மேல் நறுக்கினால் எந்த எஃகும் தாங்காது. நறுக்கியதை வாயாலேயே வழித்துத் தள்ளுவதும் கூரை மடக்கும்; கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள்.

வாயில் பல் விழுந்தால்

பல்லின் வடிவமே யார் காரணம் என்று காட்டிக்கொடுக்கும். ஓரிடத்தில் மட்டும் பிறை வடிவில் பெரிதாக உடைந்திருந்தால் அது அடி: எலும்பு, தேங்காய் ஓடு, உறைந்த மீன், அல்லது பூசணிக்குள் சிக்கிய கத்தியைப் பக்கவாட்டில் திருகியது. வாய் முழுக்க மணல் மணலாக நுண்பற்கள் உதிர்ந்திருந்தால், பெல்ட்டில் சூடான விளிம்பு, அல்லது எஃகே நொறுங்கும் பதத்தில் இருக்கிறது. இரண்டு முறை தீட்டுங்கள். அதற்குப் பிறகும் உதிர்ந்தால், கடைசி நாலைந்து இழுப்பை மட்டும் 20 பாகையில் கொடுத்துப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் தோய்ச்சல் பழுது.

61 கடினம் உள்ள மெல்லிய கத்தியிடம் அரிவாளின் வேலையைக் கேட்கக் கூடாது. கடினம் கூடக் கூட அடி தாங்கும் குணம் குறையும். திருப்பாச்சேத்தி அரிவாளைப் போலத் தடித்த முதுகும் உறுதியும் கொண்ட கருவிதான் இளநீருக்கும் ஆட்டெலும்புக்கும். வீட்டில் இரண்டும் இருக்கட்டும்.

துரு

எவர்சில்வர் கத்தியும் துருப்பிடிக்கும். புளி, உப்பு, எலுமிச்சை பட்ட கத்தியை இரவு முழுக்கத் தொட்டியில் போட்டுவைத்தால் காலையில் புள்ளி தெரியும். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்ததும் புள்ளி போய், அடியில் குழி இல்லையென்றால் அது மேலே ஒட்டிய வேற்று இரும்பின் துரு. இரும்பு நாரால் தேய்ப்பவர் வீட்டில் சகஜம். குழி விழுந்திருந்தால் எஃகே அரிக்கப்பட்டிருக்கிறது. துடைத்து, உலர்த்தி வைத்தும் அலகு முழுக்கத் துருவும், கூடவே கூரும் நிற்கவில்லை என்றால் தோய்ச்சல்மீது சந்தேகப்படலாம், ஏனென்றால் அது பிசகினால் துரு எதிர்ப்பும் குறையும்.

ஜப்பானிய 'வெள்ளைத்தாள்', 'நீலத்தாள்' எஃகுகள் எவர்சில்வர் அல்ல. வெள்ளைத்தாளில் குரோமியம் சேர்ப்பதில்லை, நீலத்தாளில் மிகக் கொஞ்சம். வெளியே எவர்சில்வர் போர்த்தி, வாயில் மட்டும் இந்த எஃகு தெரியும் கத்திகளும் உண்டு. வாங்குபவருக்குத் தெரியாமல் போவது அதனால்தான். வாய் நீலமும் சாம்பலுமாகக் கறுப்பது நல்லது, ஆரஞ்சு நிறம் மட்டும் கூடாது.

போலியும் பாதிப் பொய்யும்

அலை அலையான டமாஸ்கஸ் கோலம் (எஃகு அடுக்குகளைச் சேர்த்துச் செய்த அலகில் தெரிவது) பல மலிவுக் கத்திகளில் லேசரால் வரைந்தது. இரண்டு பக்கமும் ஒரே கோலம், சீரான இடைவெளியில் அதே வளைவு திரும்ப வருவது ஆகியவை அடையாளம். உப்புத்தாளால் தேய்த்தால் மறைகிறதே என்று பார்ப்பது தவறான சோதனை; அசல் கோலமும் மறையும். அசல் என்றால் எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் நனைத்ததும் அடுக்குகள் திரும்பத் தெரியும், லேசர் கோலம் வராது. திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இதைச் செய்யாதீர்கள்.

'ஜெர்மன் ஸ்டீல்', 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்பவை எஃகின் பெயர்கள் அல்ல. தரத்தின் பெயரும் ராக்வெல் எண்ணும் கேளுங்கள். காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர் என்பதும் தவறு: கடினமாக்கக்கூடிய கத்தி எஃகு எல்லாமே காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத அலகுதான் கூர் நிற்காத பாத்திர எஃகு.

ஒரே குடும்பத்துப் பெயர்களும் குழப்பும். 1731-இல் ஜெர்மனியின் ஜோலிங்கனில் பதிவான ஸ்விலிங் நிறுவனத்தின் இரட்டையர் முத்திரை மேல்தட்டு வரிசைக்கு. அதே நிறுவனம் ஒற்றை மனிதர் முத்திரை போட்டு விற்கும் ஹென்கெல்ஸ் வரிசை விலை குறைந்தது. ஒன்றை வாங்கி மற்றதை ஏசுவது நடக்கிறது. அடித்துச் செய்யாமல் தகட்டிலிருந்து வெட்டிய கத்தி மட்டம் என்பதும் இல்லை. விக்டோரினாக்ஸின் ஃபைப்ராக்ஸ் வரிசை தகட்டில் வெட்டியதே, தொழில்முறைச் சமையலறைகளில் தாராளமாக உழைக்கிறது.

இறக்குமதிக் கத்தியின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். இவை இல்லாத கத்தியின் குறைக்கு பிராண்டைக் குற்றம் சொல்ல முடியாது.

புகார் எழுதும் முறை

'கத்தி சரியில்லை' என்று எழுதினால் 'பயன்படுத்திய விதம் சரியில்லை' என்று பதில் வரும். டார்ச் வெளிச்சம் கசியும் படம், முதுகின் வழியே எடுத்த படம், வெர்னியர் எண், பெட்டியின் லேபிள், பில் ஆகியவற்றை இணைத்து, குறையை ஒரே வரியில் எழுதுங்கள்: 'அடிவாயில் 3 செ.மீ. நீளத்துக்கு 0.5 மி.மீ. பள்ளம்.' இந்தியாவில் இணையக் கடை என்றால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாற்றிக் கொடுத்த கத்தியிலும் அதே குறை இருந்தால் அந்த பிராண்டை விட்டுவிடலாம். ஆலையில் யாரும் சரிபார்ப்பதில்லை என்று பொருள். படம் எதுவும் கேட்காமலே உங்கள் மேல் பழிபோட்டாலும், எஃகின் தரம் என்ன என்ற கேள்விக்குப் பதில் தராமல் இருந்தாலும் அப்படியே. வளைந்த ஒரு கத்தியை வாரத்துக்குள் மாற்றித் தந்தவரை விட வேண்டியதில்லை. திருப்பி அனுப்பும்போது அலகை மடித்த அட்டைக்குள் வைத்து, நுனிப்பக்கம் அட்டையை இரண்டு அங்குலம் நீட்டி மடக்கி, டேப்பால் இறுகச் சுற்றுங்கள். நுனி வெளியே குத்தினால் கூரியர்காரர் கை கிழியும்.