புனிதர் யார்? இதைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போப் அவரைப் புனிதராக்கிவிட்டார்" என்று பலரும் சொல்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையோ தான் யாரையும் புனிதராக்குவதாகச் சொல்வதில்லை. இறந்த ஒருவர் ஏற்கெனவே விண்ணகத்தில் இருக்கிறார் என்பதை விசாரித்து அறிவிப்பதாகவே சொல்கிறது. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்ற படிகளும், அவர் கடவுளிடம் பரிந்து பேசியதால் நடந்ததாக ஏற்கப்படும் புதுமைகளும் (அற்புதங்களும்) அந்த விசாரணையைச் சேர்ந்தவை. பெயர் அறிவிக்கப்படாத புனிதர்கள் எண்ணற்றவர்கள் என்றும் அது நம்புகிறது. நவம்பர் 1 விழா அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கிழக்கத்திய கிறிஸ்தவ மரபான ஆர்த்தடாக்ஸ் சபைகளை இந்த அளவுகோலால் அளக்கக் கூடாது. அங்கே மக்களின் பக்தி பெரும்பாலும் முதலில் வரும், ஆயர் மன்றத்தின் அறிவிப்பு பிறகு வரும். இத்தனை புதுமைகள் வேண்டும் என்ற கணக்கு கிடையாது.

அப்புறம், "புராட்டஸ்டண்டுகளுக்குப் புனிதர்களே இல்லை" என்ற பேச்சு. இதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. வேதத்தில் பவுல் கொரிந்து சபையாரைப் பரிசுத்தவான்கள், அதாவது புனிதர்கள், என்றே அழைக்கிறார். அவர்களோ உயிரோடு இருந்தவர்கள், கட்சி பிரிந்து சண்டை போட்டவர்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தவர்கள். கிறிஸ்துவுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் பரிசுத்தவான்களே என்று புராட்டஸ்டண்டுகள் சொல்வது இந்த அடிப்படையில்தான். முன்னோரை அவர்கள் மறக்கச் சொல்லவும் இல்லை. 1530-இல் லூத்தரன்கள் முன்வைத்த அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, பரிசுத்தவான்களை நினைவுகூர்ந்து அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றலாம் என்கிறது. அவர்களிடம் உதவி கேட்டு மன்றாட வேதத்தில் இடமில்லை என்றும் சொல்கிறது. ஆக, இறந்தவரிடம் நமக்காக வேண்டச் சொல்லிக் கேட்கலாமா என்பதில்தான் சண்டையே.

சரி, மறுபக்கம் விழும் பழி? "கத்தோலிக்கர் புனிதர்களை ஆராதிக்கிறார்கள்" என்பது. 787-இல் கூடிய ஆயர்களின் இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது, புனிதர்களின் படங்களுக்குச் செய்வது வணக்கம் என்று பிரித்தது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இன்றும் அதையே சொல்கிறார்கள். நடைமுறையில் அந்தக் கோடு மங்குகிறது என்று ஒருவர் வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லாததை அவர்கள் போதனையாகக் காட்டக் கூடாது.

பயணிகளின் பாதுகாவலராகக் கருதப்படும் கிறிஸ்டோபர் 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்தை இழந்தார் என்பதும் தவறு. உலகம் முழுவதற்குமான நாள்காட்டியிலிருந்துதான் அவர் விழா எடுக்கப்பட்டது.

ஒரு சபை மதிப்பவரை இன்னொரு சபை ஏற்காது என்றும் முடிவுகட்ட வேண்டாம். 2015-இல் லிபியாவில் கொல்லப்பட்ட 21 கிறிஸ்தவர்களை எகிப்தின் காப்டிக் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை மறைசாட்சிகளாக (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களாக) அறிவித்தது. 2023-இல் போப் பிரான்சிஸ் அவர்களை ரோமானிய மறைசாட்சியர் பட்டியலில் சேர்த்தார். எல் சால்வடோரில் கொல்லப்பட்ட பேராயர் ஆஸ்கர் ரொமேரோவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை புனிதர் பட்டம் தந்தது 2018-இல். லண்டனில் உள்ள ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் முகப்பில் அவர் சிலை 1998-லேயே வைக்கப்பட்டுவிட்டது.