இன்னும் கொஞ்சம் ஊறட்டும்: ரெசின் பொம்மையில் பழைய பெயின்ட் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு போர்வீரன். கவசம் சுத்தமாக இருந்தது, பழைய பெயின்ட் துளிகூட இல்லை. முகத்தைத்தான் காணோம். கண், மூக்கு, மீசை எல்லாம் போய், சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஒரு உருண்டை மட்டும் கழுத்தின் மேல் நின்றது. "ராத்திரி பூரா ஆல்கஹால்ல ஊற வெச்சேண்ணா. காலையில பிரஷ் போட்டதும் பெயின்ட் அப்படியே வந்துடுச்சு. கூடவே மூஞ்சியும் வந்துடுச்சு" என்றான்.

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

கையுறை போடு, ஜன்னலைத் திற, நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதே என்பதெல்லாம் பெயின்ட் எடுக்கும் திரவத்தின் புட்டி மேலேயே அச்சடித்திருக்கும். அவற்றைத் திரும்ப எழுதப் போவதில்லை. புட்டியில் எழுதாமல் விட்டவற்றைப் பற்றித்தான் இங்கே.

ரெசின் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது

ரெசின் என்ற ஒரே பெயரில் குறைந்தது இரண்டு பொருள்கள் நம் மேசைக்கு வருகின்றன. ஒன்று, இரண்டு திரவங்களைக் கலந்து சிலிக்கோன் அச்சில் ஊற்றி வார்க்கும் பாலியூரித்தேன். மற்றது, 3டி பிரிண்டரில் புற ஊதா ஒளி பட்டு அடுக்கடுக்காக இறுகும் ரெசின். இரண்டும் இறுகும் விதம் வேறு, கரைப்பானில் போட்டால் நடந்துகொள்ளும் விதமும் வேறு. இது போதாதென்று, பார்வைக்கு அதே சாம்பல் நிறத்தில் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பொம்மைகளும் உண்டு.

எது எது என்று தெரிந்துகொள்ள ஒரு கத்தி போதும். காலடியில், கண்ணில் படாத ஓரமாகப் பார்த்து லேசாகச் சுரண்டுங்கள். பாலிஸ்டைரீன் பென்சில் சீவல் மாதிரி சுருண்டு வரும். வார்ப்பு ரெசின் பொடியாக உதிரும். (அந்தப் பொடியை ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், மூச்சில் போக வேண்டிய பொருள் அல்ல அது.) பிரிண்டரில் வந்த பொம்மை என்றால் தோள், தலை போன்ற வளைவான இடங்களில் மிக மெல்லிய படிக்கட்டுக் கோடுகள் தெரியும். பெயின்ட் கனமாக இருந்து கோடு தெரியவில்லை என்றால் அடிப்பாகத்தில் தேடுங்கள்.

பிறர் கை மாறி வந்த பொம்மை என்றால் இன்னும் கவனம் வேண்டும். உடல் பிளாஸ்டிக்காக இருக்கும், கை ரெசினாக இருக்கும், வாள் உலோகமாக இருக்கும். அந்த மூன்றில் எது சீக்கிரம் கெடுமோ அதை மனதில் வைத்துத்தான் திரவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று விடுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஒன்றுதான்.

உலோகப் பொம்மையில் பழகியவர்களிடம் இருந்து இந்தப் பழக்கம் தொற்றுகிறது. உலோகத்தை ஒரு வாரம் ஊறப்போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தக் குடுவை, அந்தத் திரவம், அந்த ஒரு வாரம் எல்லாம் அப்படியே ரெசினுக்கும் வந்துவிடுகின்றன. 'எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு சுத்தம்' என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பாத்திரத்தில் பிடித்த அடிப்பிடிப்புக்கு அது சரி.

உள்ளே நடப்பது இது. நாம் பூசும் அக்ரிலிக் பெயின்ட்டும் ஒரு பாலிமர், ரெசினும் ஒரு பாலிமர். நாம் ஆல்கஹால் என்று சொல்லும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டுக்குள்ளும் நுழையப் பார்க்கும். பெயின்ட் மயிரிழைத் தடிமன்தான், அதனால் சில நிமிடங்களில் இளகிச் சுருங்கித் தோலாக உரிகிறது. ரெசின் தடிமனாகவும் இறுக்கமாகவும் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. தாக்குப்பிடிக்கிறதே ஒழிய, தப்பித்துவிடவில்லை. நாம் வேலை செய்ய வேண்டியது பெயின்ட் இளகிவிட்ட, ரெசின் இன்னும் இளகாத அந்த இடைவெளியில். ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு எடுப்பவருக்கு அந்த இடைவெளி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது.

இளகுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஒல்லியான இடங்கள் முதலில்: விரல், வாள் நுனி, மூக்கு, காது. நாம் எதற்காக அந்தப் பொம்மையை வாங்கினோமோ அதெல்லாம்தான் முதலில் போகிறது. இளகிய ரெசின் பார்க்க எப்போதும் போலத்தான் இருக்கும். தொட்டால் லேசாக அழிரப்பர் மாதிரி கொடுக்கும். அந்த நேரத்தில் பிரஷை எடுத்துத் தேய்த்தால் முகம் வழிந்து போகும். தம்பியின் போர்வீரனுக்கு நடந்தது இதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், இது தெரியாமல்தான் நான் முதல் இரண்டு பொம்மைகளை இழந்தேன். வார்ப்பு ரெசின் இளகிவிட்டது என்று தெரிந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். திரவத்தில் இருந்து எடுத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில், எதன் மீதும் சாயாதபடி நிறுத்திவையுங்கள். மூன்று நான்கு நாள் தொடவே கூடாது. உள்ளே போன ஆல்கஹால் ஆவியாகி வெளியேறியதும் பல சமயம் ரெசின் பழைய கெட்டித்தன்மைக்கே வந்துவிடும். ஊறியதை மன்னிக்கும் ரெசின், ஊறியபின் தேய்ப்பதை மன்னிக்காது.

மூன்றாவது பொம்மை கதை வேறு. அது பிரிண்டரில் எடுத்த ஒரு டிராகன், இறக்கை விரித்தால் இரண்டு உள்ளங்கை அகலம். நண்பர் ஒருவருடையது, "நீதான் நன்றாகச் செய்வாயே" என்று நம்பிக் கொடுத்தார். 99 சதவீத ஆல்கஹாலில் மாலை போட்டேன், மறுநாள் காலை எடுத்தேன். முந்தைய பாடத்தால் தேய்க்கவில்லை, காயவைத்தேன். இரண்டாம் நாள் கல் மாதிரி இருந்தது. பரவாயில்லையே என்று மெதுவாகத் தேய்த்தேன், பெயின்ட் அழகாக உரிந்தது. நண்பருக்குப் படம்கூட எடுத்து அனுப்பிவிட்டேன். அன்று இரவு 'டிக்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் கழுத்தில் தொடங்கி வயிறு வரைக்கும் ஒரு விரிசல், உள்ளே இருந்து ஈரம் கசிந்துகொண்டிருக்கிறது.

பிரிண்டரில் எடுக்கும் பெரிய பொம்மைகள் பெரும்பாலும் உள்ளே கூடு. ரெசின் மிச்சமாகட்டும் என்று அப்படி எடுப்பார்கள், உள்ளே தங்கும் திரவம் வடிய அடியில் ஒரு துளை விடுவார்கள். அந்தத் துளை வழியாக ஆல்கஹால் வயிற்றுக்குள் போய்விட்டது. நான் வெளியே காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு நாளும் டிராகன் உள்பக்கமாக ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் காய்ந்து சுருங்கினால் சுவர் எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். அச்சடித்த அடுக்குகளுக்கு நடுவே பிளப்பது அதற்குச் சுலபம். அச்சிட்டு எடுத்த புதுப் பொம்மையை ஆல்கஹாலில் கழுவும்போதே சில நிமிடங்களுக்கு மேல் வைக்காதே என்றுதான் சொல்வார்கள். நான் வைத்தது பன்னிரண்டு மணி நேரம்.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது நான் செய்வது இது. வார்ப்பு ரெசின் என்றால் 10 நிமிடம் ஊறல், எடுத்து மென்மையான பிரஷால் தேய்ப்பு, சோப்புத் தண்ணீரில் அலசல். போகாத இடம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் மறுநாள் இன்னொரு 10 நிமிடம். பிரிண்டர் பொம்மையை ஊறப்போடுவதே இல்லை. பிரஷை ஆல்கஹாலில் தோய்த்துத் தோய்த்துத் தேய்க்கிறேன், அடியில் துளை இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுகிறேன். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். போனில் அலாரம் வைக்காமல் எதையும் குடுவையில் போடுவதில்லை. 99 சதவீதம் வேகமாக வேலை செய்யும். 70 சதவீதம் என்றால் மீதி தண்ணீர், மெதுவாகத்தான் நகரும். பழகும் வரை மெதுவானதே நல்லது.

அப்புறம், எந்தத் திரவமானாலும் முதலில் உடைந்த துண்டிலோ அடித்தட்டின் கீழ்ப்பக்கத்திலோ போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரே கலவையாகத் தெரியும் இரண்டு பொம்மைகள்கூட ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

கால் மணி நேரத்தில் பெயின்ட் அசையவே இல்லையா? அப்படியானால் அது எனாமலாக இருக்கலாம், மேலே கனமான வார்னிஷ் இருக்கலாம். ஆல்கஹாலில் கால் நாள் வைத்தாலும் அது மசியப் போவதில்லை. அதற்குள் பொம்மைதான் மசிந்துவிடும்.

அசிட்டோன், தின்னர்

வேண்டாம். 'ஒரு நிமிடம் மட்டும்' என்பதும் வேண்டாம்.

கிருமிநாசினியில் ஊறியதை நேராகக் குழாயில் பிடிப்பது

பைன் எண்ணெய் கலந்த பழுப்பு நிறக் கிருமிநாசினியைப் பலர் பெயின்ட் எடுக்கப் பயன்படுத்துகிறார்கள். வேலை செய்யும். சிக்கல் அதற்கு அடுத்த நொடியில் வருகிறது. இளகிய பெயின்ட்டோடு இருக்கும் பொம்மையைத் தண்ணீரில் காட்டினால் எல்லாம் சேர்ந்து பிசின் மாதிரி ஒரு கூழாகி, மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொள்ளும். பிரஷும் அதோடு போச்சு.

தேய்ப்பதை அந்தத் திரவத்திலேயே முடித்துவிட வேண்டும். பிறகு புதிதாகக் கொஞ்சம் அதே திரவத்தை ஊற்றி அலசி, பெயின்ட் முழுக்கப் போனபின்தான் சோப்பும் தண்ணீரும். ஏற்கெனவே கூழாகிவிட்டதா? திரும்பவும் அதே திரவத்தில் முக்குங்கள், இளகும். ஊறல் கணக்கு இதற்கும் உண்டு. சில வார்ப்பு ரெசின்களை இது ஆல்கஹாலைவிட வேகமாக இளக்கிவிடுகிறது.

வீட்டில் பூனை இருந்தால் இந்தக் கிருமிநாசினியைத் தவிர்த்துவிடுங்கள். அதில் இருக்கும் பீனால் வகைப் பொருள் பூனைக்கு விஷம். திறந்த குடுவை, சொட்டிய மேசை, எதில் கால் வைத்துவிட்டு வந்து நக்குமோ தெரியாது.

கம்பி பிரஷ்

உலோகத்துக்கு. ரெசினுக்குப் பழைய டூத் பிரஷ், அதிலும் மென்மையானது.

வெந்நீரில் அலசுவது

வளைந்த வாளை நிமிர்த்த நாம் என்ன செய்கிறோம்? வெந்நீரில் முக்குகிறோம், ரெசின் வளைந்து கொடுக்கிறது. கழுவும்போது மட்டும் வளைந்து கொடுக்காது என்று ஏன் நினைக்க வேண்டும்? ஆல்கஹாலில் இருந்து எடுத்த கையோடு வெந்நீர் என்றால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஈட்டி ஏந்திய ஒரு வரிசை வீரர்களை இப்படி மீன்பிடிக்கப் போகிறவர்களாக மாற்றியிருக்கிறேன். குழாயில் வரும் சாதாரணத் தண்ணீர் போதும்.

அல்ட்ராசோனிக் தொட்டியில் நேராக ஆல்கஹால் ஊற்றுவது

தேய்க்காமலே சுத்தமாகும் என்று இந்தச் சின்ன அதிர்வுத் தொட்டியை இப்போது நிறையப் பேர் வாங்குகிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும், அதாவது சாதாரண அறையில் எப்போதுமே. அந்த ஆவி காற்றைவிடக் கனம், மேசையோடு தவழ்ந்து போகும். தொட்டியோ ஓட ஓடச் சூடாகும், உள்ளே மின்சாரம் இருக்கிறது. இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தொட்டியில் தண்ணீர் மட்டும் இருக்கட்டும், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு சேர்க்கலாம். அதிலும் அதிர்வில் சூப்பர் க்ளூ இணைப்புகள் விட்டுப்போகும் என்பதை எதிர்பார்த்தே போடுங்கள்.

இரண்டு திரவங்களைக் கலப்பது

ஒன்றில் போகவில்லை என்று இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். குறிப்பாக பிளீச்சிங் திரவத்தை ஆல்கஹாலோடும் அசிட்டோனோடும் கலக்கவே கூடாது, குளோரோஃபார்ம் உண்டாகும். அம்மோனியாவோடு கலந்தாலும் நச்சு வாயுதான்.

கடைசித் துளிவரை துரத்துவது

முகங்களைத் தின்றதில் ஊறலுக்கு அடுத்த இடம் இதற்கு. பெயின்ட் 90 சதவீதம் போய்விட்டது, கவச இடுக்கில் ஒரு கறுப்புக் கோடு, ரெசினின் மேல் பிரைமரின் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) சாயம் லேசாக. அதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறாமல் திரும்பவும் குடுவைக்கு அனுப்புகிறார்கள்.

சாயம் என்பது நிறம் மட்டும்தான், அதற்குத் தடிமன் கிடையாது. புது பிரைமர் போட்டால் மறைந்துவிடும். நகத்தால் தடவிப் பாருங்கள்: மேடு தட்டினால் எடுக்க வேண்டும், தட்டாவிட்டால் விட்டுவிடலாம். இடுக்கில் மேடாக நிற்பதை மட்டும் பல்குத்தும் குச்சியின் நுனியை ஆல்கஹாலில் தொட்டு நெம்பி எடுங்கள்.

சில பொம்மைகளில் பெயின்ட்டை எடுக்கவே தேவையில்லை. பழைய பூச்சு மெல்லியதாக, செதுக்கல் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்றால், சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து அதன் மேலேயே பிரைமர் அடிக்கலாம். தம்பியிடம் பழைய படம் இருந்தது, வாங்கிப் பார்த்தேன். நிறம்தான் அசிங்கமாக இருந்ததே தவிர, பூச்சு மெல்லியதுதான். நான் அதை அவனிடம் சொல்லவில்லை.

குடுவையை அப்படியே கவிழ்ப்பது

பசை விட்டுக் கழன்ற கை, கத்தி எல்லாம் அடிமண்டியில் கிடக்கும். வடிகட்டி வைத்து ஊற்றுங்கள். ஊற்றுவதும் சிங்க்கில் அல்ல, இன்னொரு குடுவையில். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் பெயின்ட் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். தெளிந்த ஆல்கஹால் பார்க்க அச்சு அசல் தண்ணீர் மாதிரி இருக்கும், குடுவை மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.