நீர் கரைக்கும் கான்கிரீட்: கணினி மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்க்கசிவு உலர்ந்த கான்கிரீட் சுவர்களில் வெள்ளையாகச் சுண்ணம் படிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். கான்கிரீட்டுக்குள் இருந்த கால்சியத்தை நீர் கரைத்து வெளியே கொண்டுவந்ததன் அடையாளம் அது. ஸ்வீடனின் போர்ஸ்மார்க்கில் பால்டிக் கடலடிப் பாறைக்குள் 1988 முதல் இயங்கிவரும் அணுக்கழிவுக் கிடங்கு போன்றவற்றுக்கு இந்தக் கரைதலைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்கூட்டிக் கணிக்க வேண்டியுள்ளது. ஆய்வகத்தில் கிடைப்பதோ சில மாதத் தரவு என்பதால், கணினி மாதிரியின் அடிப்படையில் நேரும் பிழையைப் பின்னர் எந்தத் தரவும் திருத்தித் தராது.

சிதைவின் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும் என்ற விதியை எல்லா இடத்திலும் பொருத்துவதே இத்தகைய மாதிரிகளில் நேரும் தவறுகளுள் மிகப் பெரியது என்பது என் கருத்து. கால்சியம் விரவலால் மட்டும், அதாவது நீரோட்டமின்றிச் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே பரவி, வெளியேறும்போதே அந்த விதி செல்லும். விரிசல் வழியாகவோ கட்டுமான இணைப்பு வழியாகவோ நீர் ஓடத் தொடங்கிவிட்டால், எத்தனை ஆண்டு கழிந்தது என்பதைவிட எவ்வளவு நீர் கடந்தது என்பதே முக்கியமாகிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் போர்ட்லண்டைட், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, சுமார் 80 கிலோ இருப்பதாகக் கொள்வோம். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீர் அதில் ஏறக்குறைய 1.7 கிராமைக் கரைக்கும். எனவே முழுதும் தெவிட்டிய நிலையில், அதாவது கரைக்கக்கூடிய அளவு முழுவதையும் கரைத்துக்கொண்டு, நீர் வெளியேறினால், அவ்வளவையும் அகற்ற 47 கன மீட்டர் நீர் போதும். கணினியைத் திறக்கும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்த தவறு, விரவல் குணகத்தை மாறிலியாக வைப்பது. போர்ட்லண்டைட் கரைந்த இடம் நுண்துளையாகிவிடுவதால் விரவல் விரைவடைகிறது. அதன் பின், கான்கிரீட்டைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டும் கால்சியத்தை இழக்கிறது. அதன் கால்சியம்–சிலிக்கான் விகிதம் 1.7 அளவிலிருந்து படிப்படியாக இறங்குவதால், அதை ஒரே நிலையான சேர்மமாகக் கொள்வதும் பிழையே.

வெளியிலுள்ள நீரைத் தூய நீராகக் கருதுவது இதற்கு நேர்மாறான பிழைக்கு இட்டுச்செல்லும். பை-கார்பனேட் மிகுந்த கடின நீரில் மேற்பரப்பில் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட், படியும். ஒரு மோல் போர்ட்லண்டைட் 33 கன சென்டிமீட்டரும் ஒரு மோல் கால்சைட் 37 கன சென்டிமீட்டரும் இடம் பிடிப்பதால், துளைகள் அடைபட்டுக் கரைதல் மந்தமாகலாம். மழைநீரிலும் பனியுருகு நீரிலும் அந்தக் காப்பு கிடைக்காது. வெப்பநிலையிலும் கவனம் தேவை: சூடு ஏறினால் விரவல் கூடும், ஆனால் போர்ட்லண்டைட்டின் கரைதிறன் குறையும்.

அம்மோனியம் நைட்ரேட் கரைசலில் நடத்தும் துரிதச் சோதனையின் வேகத்தை ஒற்றை எண்ணால் வகுத்து இயற்கை நீருக்கு மாற்றிக்கொள்வோரும் உண்டு. அந்தக் கரைசல் கால்சியத்தின் கரைதிறனையே பன்மடங்கு உயர்த்திவிடுகிறது. ஆகவே அச்சோதனையை அதன் கரைசலின் வேதியியலோடே கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

சிதைவின் ஆழத்தை அளக்கும் முறையிலும் ஒரு பொறி உள்ளது. போர்ட்லண்டைட் தீர்ந்த பகுதியில் பி.எச். 12.5-க்குக் கீழே இறங்கத் தொடங்கும். காரத்தன்மையை இளஞ்சிவப்பு நிறத்தால் காட்டும் பினாப்தலீன் நிறமிழப்பதோ 9-ஐ ஒட்டித்தான். எனவே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியிலும் கரைதல் தொடங்கியிருக்கலாம். அந்த அளவீட்டுடன் ஒப்பிடும்போது, போர்ட்லண்டைட் தீர்ந்த ஆழத்தை விடுத்து, மாதிரியில் பி.எச். அதே அளவுக்கு இறங்கும் ஆழத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.