பெப்பருக்கு ஜெர்மனில் என்ன சொல்? தமிழ் வழியாகப் போனால் சுலபம்

ஆங்கிலத்தில் மிளகும் பெப்பர்தான், குடைமிளகாயும் பெப்பர்தான், மிளகாயையும் பல நேரம் அப்படித்தான் சொல்கிறார்கள். அகராதியில் தேடினால் முதலில் வருவது 'ப்ஃபெஃபர்'. அதை நம்பிக் கடையில் குடைமிளகாய் கேட்டால் மிளகு டப்பாவைக் காட்டுவார்கள்.

படி 1: ஜெர்மனுக்குத் தாவும் முன் தமிழில் யோசியுங்கள். மிளகா, மிளகாயா, குடைமிளகாயா? நம்மிடம் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, அவர்களிடமும் உண்டு. பாதி வேலை இங்கேயே முடிந்தது.

படி 2: சொல்லை அதன் பால் காட்டும் முன்சொல்லோடு (ஆண்பாலுக்கு 'டெர்', பெண்பாலுக்கு 'டீ') எழுதிக்கொள்ளுங்கள்.

மிளகு என்றால் டெர் ப்ஃபெஃபர். 'ப்', 'ஃப்' இரண்டையும் ஒட்டிச் சொல்ல வேண்டும். கடைசி 'ர்' தேய்ந்து 'அ' போல ஒலிக்கும். ஆங்கிலத்தில் 'ப'வில் தொடங்கும் பழைய சொற்கள் பல ஜெர்மனில் இப்படித்தான் மாறும். பிளான்ட் அங்கே 'ப்ஃப்ளான்ட்ஸ', பிளம் 'ப்ஃப்ளௌம'. (இந்தப் பெப்பரின் வேர் 'பிப்பலி' என்ற வடசொல். அது நம் திப்பிலி!)

குடைமிளகாய் என்றால் பாப்ரிக்கா. காய்க்கு 'டீ', 'டெர்' இரண்டும் வழக்கில் உண்டு. பொடிக்கு 'டெர்'.

மிளகாய்தான் கொஞ்சம் படுத்தும். 'டீ சில்லிஷோட்ட' என்றால் குழப்பமில்லை. 'டீ பெப்பெரோனி' என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் பெப்பரோனி பீட்சா என்றால் மேலே இறைச்சி இருக்கும். ஜெர்மனியில் பெப்பெரோனி போட்ட பீட்சாவில் மிளகாய் இருக்கும். சுவிட்சர்லாந்துக்குப் போனாலோ பெப்பெரோனி குடைமிளகாய் ஆகிவிடும். காரமானதற்கு அங்கே 'பெப்பெரொன்சினி' என்று கேட்க வேண்டும்.

படி 3: கூட்டுச்சொல் என்றால் முழுச்சொல்லாகவே தேடுங்கள். 'கயென்ப்ஃபெஃபர்' உண்மையில் மிளகாய்ப் பொடி. 'ப்ஃபெஃபர்ஸ்ப்ரே'யில் கண்ணை எரிப்பதும் மிளகாய்க் காரம்தான். இங்கே மட்டும் படி 1 கைகொடுக்காது.

அப்புறம், ஒரு வசவும் தெரிந்திருக்கட்டும். எரிச்சலில் ஒருவரைத் தொலைந்து போகச் சொல்ல, 'மிளகு விளையும் இடத்துக்குப் போ' என்பார்கள் ஜெர்மானியர்கள். கொல்லிமலைக்காரரிடம் சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக ஊருக்குக் கிளம்பிவிடுவார்.